காணாத ஆற்றுக்கு ஒரு பயணத் திட்டம்

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால், ஆழம் தெரியாத ஆறு ஒன்றில் இறங்கியே தீர வேண்டும் என்றால் என்ன செய்வது? கரையில் நின்று கோலால் அளந்து பார்க்கவும் வழியில்லை. ஆறோ பல்லாயிரம் மைலுக்கு அப்பால் ஓடுகிறது. அத்தகைய ஆற்றின் இயல்பைத் தாளையும் பென்சிலையும் கொண்டு எவ்வளவு தூரம் அறிய முடியும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எங்கள் புவியியல் செய்முறை வகுப்பில் நால்வர் கொண்ட குழுவுக்கு ஒரு பயிற்சி தரப்பட்டது. அலாஸ்காவின் வடக்கே ஓடும் நோவாட்டாக் ஆற்றில் ரப்பர் மிதவையில் இறங்கி, தூண்டிலிட்டு மீன் பிடித்தவாறே பயணம் செய்ய ஒரு திட்டம் தீட்ட வேண்டும். எங்களில் எவரும் அங்குப் போகப் போவதில்லை. ஆயினும் நாளையே புறப்படுவோர் போல ஒவ்வொரு கணக்கும் இருக்க வேண்டும் என்பது பேராசிரியர் விதித்த நிபந்தனை.

ஆறும் அதன் வரலாறும்

நோவாட்டாக் ஏறத்தாழ 425 மைல் நீளமுடையது. புரூக்ஸ் மலைத்தொடரில் இகிக்பாக் சிகரத்தின் அருகே தோன்றி, மேற்கு நோக்கி ஓடி, கோட்செபூ விரிகுடாவில் கலக்கிறது. இதன் பாதை முழுவதும் ஆர்க்டிக் வட்டத்திற்கு வடக்கே அமைந்துள்ளது. அணை இல்லை, கரையோரச் சாலை இல்லை. கரையில் உள்ள ஊர் ஒன்றே ஒன்று. அதன் பெயரும் நோவாட்டாக்தான். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் இவ்வாற்றின் பெரும்பகுதி பாதுகாக்கப்பட்ட இயற்கை ஆறாக அறிவிக்கப்பட்டது.

1885இல் அமெரிக்க அரசின் 'கார்வின்' கப்பலைச் சேர்ந்த எஸ். பி. மெக்லெனகன் என்ற பொறியாளர், ஒரு துணையுடன் தோல் படகில், நீரோட்டத்தை எதிர்த்து இவ்வாற்றில் ஏறிச் சென்று அறிக்கை எழுதினார். 1911இல் பிலிப் ஸ்மித் என்ற நிலவியலாளரின் குழு இப்பகுதியை ஆராய்ந்தது. "அதிகம் அறியப்படாத ஆறு" என்று நூல்கள் இதனைக் கூறுகின்றன. எவருக்கு அறியப்படாதது என்று நாம் கேட்க வேண்டும். இன்யுப்பியாட் மக்கள் தலைமுறை தலைமுறையாக இந்த ஆற்றில் மீன் பிடித்து வாழ்கிறார்கள். நமக்குத் தெரியாத ஆறு, அவர்களுக்கு வீட்டு முற்றம். திட்டம் தீட்டுவோன் முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது இதுதான்.

நிலப்படம் சொல்வதும் சொல்லாததும்

அலாஸ்காவின் பழைய நிலப்படங்கள் 1:63,360 என்ற அளவில் அமைந்தவை. அதாவது ஓர் அங்குலத்திற்கு ஒரு மைல். நம் நாட்டு நில அளவைத் துறையின் பழைய 'ஓரங்குலப் படங்கள்' இதே அளவில் வரையப்பட்டவையே. ஆகவே படத்தைப் படிப்பது எங்களுக்குப் புதிதாக இல்லை. நூலை ஆற்றின் வளைவுகளின் மேல் வைத்து, பின் நீட்டி அளவுகோலில் அளந்தோம். மேல்பகுதியில் எங்கள் பயணத்துக்கென 120 மைல் நீளத்தைக் குறித்துக்கொண்டோம்.

அடுத்தது வாட்டம். சம உயரக் கோடுகள் ஆற்றைக் கடக்கும் இடங்களைக் குறித்து, ஒரு மைலுக்கு எத்தனை அடி இறங்குகிறது என்று கணக்கிட வேண்டும். மைலுக்குப் பத்தடிக்குள் இறங்கினால் ஆறு பெரும்பாலும் அமைதியாக ஓடும் என்பது படகோட்டிகளின் பொது விதி. இருபது, முப்பது என உயர்ந்தால் தேர்ந்த துடுப்பாளர் வேண்டும். கோடுகள் நெருங்கி நிற்கும் இடத்தில் சீறிப்பாயும் நீரை எதிர்பார்க்கலாம்.

ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு. சம உயரக் கோடுகளின் இடைவெளி 100 அடி என்றால், நாற்பதடி அருவி ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவே மறைந்து நின்றுவிடலாம்! சராசரி வாட்டம் மிகச் சாதுவாகத் தோன்றும். அருவியோ படத்தில் இருக்கவே இருக்காது. ஆகையால் படத்தோடு வான்வழி நிழற்படங்களையும் ஒப்பிட வேண்டும். முன்பு சென்றவர்களின் குறிப்புகளையும் தேட வேண்டும். நோவாட்டாக்கின் வழக்கமான பயணப் பகுதி பெரும்பாலும் எளிய நீரோட்டமே என்று அக்குறிப்புகளிலிருந்து அறிந்தோம்.

படம் எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்பதும் முக்கியம். பழைய படங்களில் பல 1950களின் வான்படங்களை அடிப்படையாகக் கொண்டவை. சரளைக்கல் படுகையில் ஓடும் ஆறு ஆண்டுதோறும் தன் கால்வாயை மாற்றிக்கொள்ளும். படத்தில் முதன்மைக் கால்வாயாக உள்ளது இன்று வறண்ட மணல்திட்டாக இருக்கக்கூடும். இப்போது 1:25,000 அளவில் புதிய படங்கள் வந்துள்ளன. அவையும் ஒரு நாளின் சாட்சிதான்.

மழையும் உறைநிலமும்

நம் பக்கத்தில் மழை பெய்தால் மண் கொஞ்சம் குடிக்கும்; மிச்சம் ஓடும். ஆர்க்டிக் பகுதியில் மேல்மண்ணுக்குக் கீழே ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் நிலம் உண்டு. நீர் அதனுள் இறங்காது. எனவே மலையில் ஒரு நாள் மழை பெய்தாலும் ஆறு விரைவில் பெருகிவிடும். சரளைத் திட்டில் கூடாரம் அடிப்போர் நீர்விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, படுக்கப் போகுமுன் ஒருமுறையும் இடையில் விழித்து ஒருமுறையும் பார்க்கும் வழக்கம் இதனால் எழுந்தது. மிதவையைக் கரைக்கு மேலே ஏற்றிக் கட்டிவைக்க வேண்டும். மிதவை போனால் பயணம் போயிற்று.

உறைநிலம் இளகுவதால் வேறொரு மாற்றமும் நேர்ந்து வருகிறது. புரூக்ஸ் மலைப்பகுதியில் 75 ஓடைகள் ஆரஞ்சு நிறமாக மாறியிருப்பதை 2024இல் வெளிவந்த ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. உறைந்திருந்த கனிமங்கள் நீரும் காற்றும் பட்டு, இரும்பு முதலியவை ஓடையில் கலப்பதே காரணம் எனக் கருதப்படுகிறது. ஆகவே, "தெளிந்த ஓடைநீர் கிடைக்கும்" என்று பழைய குறிப்பில் இருப்பதை நம்பி எழுதிவிடக் கூடாது என்று எங்கள் ஏட்டில் குறித்துக்கொண்டோம்.

மீனும் தூண்டிலும்

இப்பயணத்தின் மீன்பிடி முறை நம் ஊர்த் தூண்டிலினின்று மாறுபட்டது. நாம் மண்புழுவைக் கோத்து ஈயக்குண்டு கட்டி வீசுகிறோம். குண்டின் கனம் நரம்பை இழுத்துச் செல்கிறது. ஆங்கிலேயர் 'ப்ளை பிஷிங்' என்று கூறும் முறையில் இரைக்குக் கனமே இல்லை. இறகு, மயிர், நூல் ஆகியவற்றை முள்ளில் சுற்றிப் பூச்சி போலச் செய்திருப்பார்கள். இங்குக் கயிறுதான் தடித்தது, கனமானது. கழியை முன்னும் பின்னும் வீச, கயிற்றின் கனமே போலிப்பூச்சியைக் கொண்டுபோய் நீரில் மெல்ல இறக்குகிறது.

எந்தப் போலியைக் கட்டுவது என்பதை ஆற்றின் நாட்காட்டி தீர்மானிக்கிறது. பாய்போல் விரிந்த முதுகுத் துடுப்புடைய கிரேலிங் மீன், நீர்ப்பரப்பில் விழும் பூச்சியை எழும்பி உண்ணும். அதற்கு மிதக்கும் போலி. கோடைப் பிற்பகுதியில் 'சம்' என்ற சால்மன் இனம் கடலிலிருந்து ஏறி வந்து முட்டையிட்டு, அத்துடன் உயிர் விடுகிறது. அந்த முட்டைகளைத் தின்பதற்கு 'டாலி வார்டன்' என்ற மீன் பின்தொடர்கிறது. அதற்கு முட்டை நிறத்தில் ஒரு சிறு உருண்டையே போலி இரை. டிக்கன்ஸ் 1841இல் வெளியிட்ட புதினத்தில் வண்ண உடை அணிந்து வரும் பெண்ணின் பெயரே புள்ளிகள் நிறைந்த இந்த மீனுக்கும் வழங்குகிறது என்பது ஆங்கில இலக்கிய மாணவர்களுக்குச் சுவையான செய்தி.

குளிர்நீரில் மீன் மிக மெதுவாக வளர்கிறது. ஆதலால் முள்ளின் எதிர்க்கூரை நசுக்கிவிட்டு, கையை நனைத்துக்கொண்டு, மீனை நீரிலிருந்து தூக்காமலே விடுவிப்பது நல்ல முறை. நமக்கு விளையாட்டாக இருக்கும் மீன், அவ்வூர் மக்களுக்கு மழைக்கால நெல் போன்றது. குளிர்காலத்துக்கு உலர்த்தி வைக்கும் உணவு. 1980ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டுப்புற மக்களின் இவ்வுரிமைக்கு முன்னிடம் தருகிறது. அவர்கள் வலை கட்டியுள்ள இடத்தில் தூண்டில் போடலாகாது. அவர்களுக்குரிய நிலத்தில் கூடாரமடிக்க அனுமதி வேண்டும்.

எடைக் கணக்கு

சாலை இல்லாத ஆற்றுக்குச் செல்ல, ஏரியில் இறங்கும் சிறு விமானமே வழி. 1947இல் முதன்முதலாகப் பறந்த 'பீவர்' விமானம் இன்றும் அங்கு உழைக்கிறது. விமானியை நீக்கி, ஆட்களும் பொருள்களுமாக ஏறக்குறைய 1000 பவுண்டு என்று நாங்கள் வரம்பு வைத்தோம்.

நாட்கணக்கு முதலில். ஒரு நாளைக்குப் பத்து மைல், 120 மைலுக்குப் பன்னிரண்டு நாள், காற்றும் மழையும் தடுக்கும் நாட்களுக்கு இரண்டு, ஆகப் பதினான்கு. திரும்ப அழைத்துச் செல்லும் விமானம் மூடுபனியால் வாராது போகலாம். அதற்காக உணவு மட்டும் மேலும் இரண்டு நாளைக்கு. ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு பவுண்டு வீதம் நால்வருக்குப் பதினாறு நாளைக்கு 128 பவுண்டு. ஆட்கள் 680 பவுண்டு. மிதவை, துடுப்பு, காற்றுப் பம்பு 180. கூடாரம், அடுப்பு, துணி, தூண்டில் ஆகியவை 180. மொத்தம் 1168.

வரம்பை 168 பவுண்டு மீறிவிட்டது. இரண்டு நாள் மிகை உணவை விட்டுவிடலாம் என்றார் ஒரு நண்பர். அதனால் மிச்சமாவது 16 பவுண்டுதான். உணவு முழுவதையும் எறிந்தாலும் கணக்கு நேராகவில்லை. மூவர் மட்டும் சென்றால் 921 பவுண்டு, சரியாகிவிடும். நால்வரில் யார் விலகுவது? செய்முறை அறை அமைதியாயிற்று. தாளில் மட்டுமே நடக்கும் பயணம். இருந்தும் எவரும் எவர் பெயரையும் கூறவில்லை.

இறுதியில், செலவு கூடினாலும் விமானம் இருமுறை பறக்கட்டும் என்று முடிவாயிற்று. உடனே ஒரு மாணவி எழுப்பிய கேள்வி எங்கள் திட்டத்தையே மாற்றியது. முதல் விமானம் இருவரை இறக்கிவிட்டுத் திரும்பிய பின் வானிலை கெட்டு, இரண்டாவது விமானம் மூன்று நாள் வராவிட்டால்? கூடாரம் ஒரு பக்கமும் அடுப்பும் உணவும் மறுபக்கமும் இருந்தால் என்ன ஆகும்? ஆகவே பொருள்களை வகை பிரித்து ஏற்றாமல், ஒவ்வொரு சுமையிலும் கூடாரம், உணவு, அடுப்பு, மருந்து நான்கும் இருக்குமாறு பிரித்தோம். பயிற்சியில் நான் கற்றவற்றுள் தலையாயது இதுவே.

ஆபத்துகள்

ஏறத்தாழ உறைநிலையில் உள்ள நீரில் விழுந்தவனுக்கு 1-10-1 என்றொரு கணக்குச் சொல்வர். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம். கைகால் பயன்படுவது பத்து நிமிடம். நினைவு தவற ஏறத்தாழ ஒரு மணி நேரம். மிதவைச் சட்டை அணிந்தவனுக்கே இந்த ஒரு மணி நேரம் கிட்டும். ஆகவே அதனை மூட்டையில் வைக்காமல் உடலில் அணிந்திருக்க வேண்டும். கரடிகள் உள்ள நாடு என்பதால், உணவை அவை திறக்க முடியாத கெட்டிப் பீப்பாய்களில் வைத்து, சமைக்கும் இடத்தையும் உறங்கும் இடத்தையும் தொலைவாகப் பிரிக்க வேண்டும். இன்று செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கைக்கருவி உண்டு. செய்தி நொடியில் சென்றுவிடும். விமானமோ மேகம் விலகினால்தான் வரும்.

முடிவுரை

எங்கள் திட்ட ஏட்டில் இறுதியாக மூன்று பத்திகள் வரைந்தோம். படத்திலிருந்து அறியக்கூடியவை முதல் பத்தி: தூரம், வாட்டம், எடை, நாள். பிறரைக் கேட்டு அறிய வேண்டியவை இரண்டாம் பத்தி: இவ்வாண்டுக் கால்வாய், மீன் ஏறும் காலம், ஊராரின் உரிமை. எவ்வாறும் அறிய முடியாதவை மூன்றாம் பத்தி: மழை, மூடுபனி, நோய். முதல் பத்திக்கு உழைப்பு வேண்டும். இரண்டாம் பத்திக்குப் பணிவு வேண்டும். மூன்றாம் பத்திக்கு மிகையாக இரண்டு நாள் உணவு வேண்டும்.

மிதவை நீரோட்டத்தோடு செல்வது. மெக்லெனகனைப் போல எதிர்த்து ஏறிவர இயலாது. இறங்கிய இடத்திற்குத் திரும்ப முடியாத பயணத்தில், மறந்ததை எடுத்துவர வழியில்லை. அதனால்தான் புறப்படும் முன்பே நால்வரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, "இது நடக்காவிட்டால் என்ன செய்வோம்?" என்று ஒருவரையொருவர் கேட்டுத் தீர்க்க வேண்டியிருக்கிறது. நிலப்படப் பயிற்சியை மதிப்பெண்ணுக்கான பாடம் என்று எண்ணும் நண்பர்கள், தாம் அறிந்த ஆறு ஒன்றின் ஓரங்குலப் படத்தை எடுத்து இம்மூன்று பத்திகளையும் ஒருமுறை நிரப்பிப் பார்க்கட்டும்.