சாலைச் சந்திப்புகள்: யார் காத்திருக்க வேண்டும்? – முக்கியக் குறிப்புகள்

எல்.எல்.ஆர். தேர்வு எழுதுபவர்களும் மோட்டார் வாகன ஆய்வாளர் தேர்வுக்குப் படிப்பவர்களும் சந்திப்பு விதிகளைத் தவிர்க்க முடியாது. கேள்வி எந்த வடிவில் வந்தாலும் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: இந்த இடத்தில் யார் காத்திருக்க வேண்டும்? அதைப் பிடித்துக்கொண்டு படித்தால் மனப்பாடச் சுமை பாதியாகக் குறையும்.

சட்டங்கள்

● மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் இயற்றப்பட்டது. 1989 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது.
● 1989-ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகளுக்குப் பதிலாக வந்தவை, மோட்டார் வாகன (ஓட்டுதல்) ஒழுங்குமுறைகள், 2017. பழைய கையேடு வைத்திருப்பவர்கள் இந்த ஆண்டைத் திருத்திக்கொள்ளுங்கள்.

மோதல் புள்ளிகள்

இரண்டு வண்டிகளின் பாதைகள் குறுக்கிடும், சேரும் அல்லது பிரியும் இடம் மோதல் புள்ளி. பாதைக்கு ஒரு தடம் என்று வைத்துக்கொண்டால்:

● நாற்சந்தி – 32 (குறுக்கிடுபவை 16, சேர்பவை 8, பிரிபவை 8)
● முச்சந்தி – 9 (மூன்று வகையிலும் மும்மூன்று)
● நான்கு சாலை ரவுண்டானா – 8 (சேர்பவை 4, பிரிபவை 4)

ரவுண்டானாவில் குறுக்கிடும் புள்ளி ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். பக்கவாட்டில் நேராக வந்து இடிப்பதுதான் உயிரைப் பறிக்கும் மோதல். அதற்கு அங்கே இடமே இல்லாததால், நாற்சந்தியைவிட ரவுண்டானா பாதுகாப்பானது என்கிறார்கள் சாலைப் பொறியாளர்கள்.

சாலைகள் ஒரே மட்டத்தில் சந்திக்காமல் மேலும் கீழுமாகப் பிரிக்கப்பட்டிருந்தால் அது பலமட்டச் சந்திப்பு. உதாரணம்: சென்னை கத்திப்பாரா. 2008-இல் திறக்கப்பட்ட இது குளோவர் இலை வடிவ மேம்பாலம்.

சிக்னலும் போலீஸும் இல்லாத சந்திப்பு

அதிக மதிப்பெண் நழுவும் இடம் இது. வரிசையாக நினைவில் வையுங்கள்.

● ‘நில்’ அல்லது ‘வழி விடு’ பலகை இருந்தால் அதற்குக் கட்டுப்பட வேண்டும். ‘நில்’ பலகை எண்கோணம். ‘வழி விடு’ பலகை தலைகீழ் முக்கோணம்.
● கிளைச் சாலையிலிருந்து பிரதான சாலைக்குள் நுழைபவர், பிரதான சாலையில் செல்பவருக்கு வழி விட வேண்டும்.
● இரண்டும் சமமான சாலைகள் என்றால், உங்கள் வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கு முன்னுரிமை.
● ரவுண்டானாவில், ஏற்கெனவே உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு முன்னுரிமை. நுழைபவர் காத்திருக்க வேண்டும். நம் நாட்டில் சுற்றுவது கடிகார முள் செல்லும் திசையில்.

வலப்பக்கத்துக்கு ஏன் முன்னுரிமை? நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். குறுக்குச் சாலையில் நமக்கு மிக அருகில் உள்ள தடத்தில் ஓடுவது வலமிருந்து வரும் வண்டிகள்தான். முன்சக்கரம் உள்ளே போனதும் முதலில் நம்மீது மோதக்கூடியவை அவை. காரணம் புரிந்துவிட்டால் ‘வலமா இடமா’ என்ற குழப்பம் தேர்வறையில் வராது.

சிக்னல் உள்ள சந்திப்பு

● மஞ்சள் என்றால் ‘வேகமெடு’ அல்ல. நிறுத்தக் கோட்டுக்கு முன்பே நில் என்பது பொருள். கோட்டைத் தாண்டிவிட்டவர் மட்டும் கடந்து செல்லலாம்.
● விட்டுவிட்டு எரியும் மஞ்சள்: வேகம் குறைத்து, எச்சரிக்கையுடன் செல்.
● விட்டுவிட்டு எரியும் சிவப்பு: முழுவதும் நின்று, பாதுகாப்பு என்று தெரிந்தபின் செல்.
● பச்சை எரிந்தாலும், எதிர்ப்புறம் நெரிசலாகி நடுச்சந்திப்பில் நின்றுவிடும் நிலை இருந்தால் நுழையக் கூடாது. பலரும் தவறாக எழுதும் விடை இது.
● ‘ஃப்ரீ லெஃப்ட்’ எல்லாச் சந்திப்பிலும் கிடையாது. பலகையோ பச்சை அம்புக்குறியோ அனுமதித்தால் மட்டுமே சிவப்பில் இடம் திரும்பலாம். அப்போதும் நடந்து கடப்பவருக்கே முதல் வழி.

திரும்புதல்

இடம் திரும்ப, முன்கூட்டியே இடது ஓரம் வர வேண்டும். வலம் திரும்ப, சாலையின் நடுப்பகுதியை ஒட்டி வந்து, எதிரே நேராக வருபவர்களுக்கு வழி விட்டு, புதிய சாலையின் இடப்பக்கத்தில் சேர வேண்டும். சந்திப்பில் முந்துவது கூடாது.

இருசக்கர வாகனம் ஓட்டும் தம்பி, தங்கைகள் அடுத்ததைப் பாடமாக மட்டும் படிக்காதீர்கள். பேருந்தோ லாரியோ இடம் திரும்பும்போது அதன் பின்சக்கரம், முன்சக்கரம் போன தடத்தில் போகாது. உள்பக்கமாக ஓரத்தை நெருங்கி வரும். சிக்னலில் அந்த வண்டியின் இடப்பக்க இடைவெளியில் நுழைந்து நிற்பவர், ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிற்கிறார். பச்சை விழுந்ததும் அந்த இடைவெளி மூடிக்கொள்ளும். பெரிய வண்டியின் பின்னால் நில்லுங்கள், பக்கத்தில் வேண்டாம்.

பிரிவுகளும் தண்டனைகளும்

● பிரிவு 119: போக்குவரத்துக் குறியீடுகளுக்குக் கீழ்ப்படியும் கடமை.
● பிரிவு 184: சிவப்பு விளக்கைத் தாண்டுவதும் ‘நில்’ பலகையை மீறுவதும் ‘ஆபத்தான ஓட்டுதல்’. முதல் முறை 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும்.
● பிரிவு 194இ: தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ் போன்றவற்றுக்கு வழி விடாவிட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது ரூ.10,000 அபராதம், அல்லது இரண்டும்.
● பிரிவு 131: ஆளில்லா ரயில்வே கடவையில் வண்டியை நிறுத்தி, நடத்துநரோ உதவியாளரோ இறங்கிச் சென்று ரயில் வரவில்லை என்று பார்க்க வேண்டும். அவர்கள் இல்லையென்றால் ஓட்டுநரே இறங்க வேண்டும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-இல் இந்தியாவில் நடந்த சாலை விபத்துகள் 4,61,312; இறந்தவர்கள் 1,68,491. விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாடு: 64,105. தேர்வு மையத்துக்கு வண்டியில் புறப்படும் அன்றும், நேரமாகிவிட்டது என்று மஞ்சளில் பாயாமல், சந்திப்பில் வலப்பக்கம் பார்த்து, வழி விட்டுப் போய்ச் சேருங்கள்.