தரவுத்தளம் எங்கே இருக்கிறது?

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

அலமாரியின் மேல்தட்டை மட்டும் பார்த்துவிட்டு, "கத்தரிக்கோல் இல்லையம்மா" என்று நாம் சொல்வதும், அம்மா வந்து அடுத்த தட்டிலிருந்தே அதை எடுத்துக் கொடுப்பதும் எல்லா வீடுகளிலும் நடப்பதுதான். "இங்கே இல்லை" என்பது வேறு. "எங்குமே இல்லை" என்பது வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டால் கணினியில் எவ்வளவு பெரிய இழப்பு நேரக்கூடும் என்பதை இவ்வாண்டு நாங்கள் நேரில் கற்றோம். அதையே இக்கட்டுரையில் தோழியருக்குக் கூற விரும்புகிறோம்.

நாங்கள் செய்த தவறு

எங்கள் பள்ளி நூலகத்தின் நூற்பட்டியல் ஒரு தரவுத்தளத்தில் உள்ளது. எங்களுக்கு முன் படித்த அக்காமார்கள் மதிய இடைவேளைகளில் முறை வைத்துப் பதிந்த பட்டியல் அது. கணினி அறையிலிருந்த பழைய கணினி ஒன்றில் உள்ளவற்றையெல்லாம் அழித்து, லினக்ஸைப் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது. "அதில் தரவுத்தள மென்பொருள் இருக்கிறதா என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார் கணினி ஆசிரியை.

நாங்கள் 'விச் போஸ்ட்கிரெஸ்' என்ற கட்டளையைக் கொடுத்தோம். விடை ஒன்றும் வரவில்லை. "இல்லை டீச்சர்" என்றோம்.

ஆசிரியை உடனே அழிக்கச் சொல்லவில்லை. "யாரிடம் கேட்டீர்கள்? அதற்கு எவ்வளவு தெரியும்?" என்று வினவினார். பிறகு, அந்நேரம் இயங்கிக்கொண்டிருந்த நிரல்களின் பட்டியலை எடுத்துக் காட்டினார். அதில் போஸ்ட்கிரெஸ் ஓடிக்கொண்டிருந்தது! நூலகப் பட்டியல் முழுவதும் அந்தக் கணினியில்தான் இருந்தது. எங்களால் சிறிது நேரம் பேச முடியவில்லை.

ஒன்றல்ல, மூன்று இடங்கள்

தகவல்களை அட்டவணைகளாக ஒழுங்குபடுத்தி, கேட்டவுடன் எடுத்துத் தருவது தரவுத்தள மென்பொருள். இம்முறைக்கு அடிப்படையான கட்டுரையை எட்கர் காட் என்னும் அறிஞர் 1970இல் வெளியிட்டார். போஸ்ட்கிரெஸ், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986இல் தொடங்கிய ஆராய்ச்சியின் பயன்.

"மென்பொருள் எங்கே?" என்று கேட்டால் உண்மையில் மூன்று இடங்களைச் சொல்ல வேண்டும். டெபியன் வகை லினக்ஸில் போஸ்ட்கிரெஸின் நிரல், 'யுஎஸ்ஆர்' என்னும் கோப்புறையின் உள்ளே இருக்கும். நாம் பதிந்த தரவு 'வார்' கோப்புறையின் உள்ளே இருக்கும். அமைப்புக் கோப்புகள் 'ஈடிசி' கோப்புறையில் இருக்கும். நிரலை மட்டும் நகலெடுத்தால் தரவு வந்துவிடாது. சமையலறையைப் படம் பிடித்தால் சாதம் வந்துவிடுமா?

ஐந்து சாட்சிகள்

ஆசிரியை எங்களுக்கு ஐந்து வழிகளைக் கற்பித்தார்.

முதலாவது 'விச்' கட்டளை. கணினியிடம் 'பாத்' என்றொரு பட்டியல் உண்டு. அதில் எழுதியுள்ள கோப்புறைகளில் மட்டுமே விச் தேடும். டெபியனில் போஸ்ட்கிரெஸின் முதன்மை நிரல் அப்பட்டியலுக்கு வெளியே வைக்கப்படுகிறது. ஆகவேதான் அது மௌனமாக இருந்தது. அது பொய் சொல்லவில்லை; நாங்கள்தான் அதன் மௌனத்தைத் தவறாகப் புரிந்துகொண்டோம்.

இரண்டாவது 'பிஎஸ்' கட்டளை. இப்போது இயங்கும் நிரல்களைக் காட்டும். போஸ்ட்கிரெஸின் வரியில் நிரலின் முழு முகவரியும் தரவுக் கோப்புறையின் முகவரியும் சேர்ந்தே இருந்தன. ஆனால் நிறுத்தி வைக்கப்பட்ட மென்பொருளை இது காட்டாது.

மூன்றாவது, நிறுவிய பொதிகளின் பதிவேடு. டெபியனில் 'டிபிகேஜி' என்னும் கட்டளை அதைப் படித்துச் சொல்லும். பதிவேட்டில் ஏறாமல் யாரேனும் கையால் நிறுவியிருந்தால் இதற்குத் தெரியாது.

நான்காவது 'ஃபைண்ட்'. வட்டு முழுவதையும் கோப்புறை கோப்புறையாகத் தேடும். நேரம் பிடிக்கும், அனுமதி இல்லாத கோப்புறைக்குள் நுழையாது. எனவே கணினி நிர்வாகியின் உரிமையுடன் இயக்க வேண்டும்.

ஐந்தாவது, தரவுத்தளத்தையே கேட்பது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் ஆகிய இரண்டுமே தம் தரவு எங்கே உள்ளது என்பதை, உரிமையுள்ளவர் கேட்டால் தாமே சொல்லிவிடும்.

இவற்றை ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தால் ஏதேனும் ஒன்று விட்டுப்போகும். எனவே வரிசையாக ஒரே கோப்பில் எழுதி வைத்தோம். இத்தகைய கோப்பையே ஸ்கிரிப்ட் என்பர். ஒரு சாட்சி விடை தராவிட்டால் "இல்லை" என்று எழுதாமல், "இவ்வழியில் கிடைக்கவில்லை" என்று எழுதும்படி அமைத்தோம். எங்கள் ஸ்கிரிப்டில் மிக முக்கியமான வரி இதுவே.

மற்ற மென்பொருள்களுக்கு வேறு சாட்சிகள் உண்டு. லினக்ஸில் ஆரக்கிள் தரவுத்தளத்தின் பெயரும் அதன் மென்பொருள் உள்ள இடமும் 'ஓராடேப்' என்னும் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். விண்டோஸில் ரெஜிஸ்ட்ரியையும் சர்வீஸ் பட்டியலையும் ஸ்கிரிப்ட் படித்துப் பார்க்கும்.

அறியாமையின் விலை

இது எங்கள் நூலகத்தோடு முடிகிற சிறு செய்தி அன்று. 2003 ஜனவரி 25 அன்று 'ஸ்லாமர்' என்னும் கணினிப் புழு உலகெங்கும் பரவியது. அதன் அளவு 376 பைட் மட்டுமே. பத்தே நிமிடங்களில், அதனால் தாக்கப்படக்கூடிய கணினிகளில் பெரும்பாலானவற்றை அது பற்றிக்கொண்டது. அமெரிக்காவில் வங்கியின் ஏடிஎம்கள் செயலிழந்தன. விமானப் பயணங்கள் தடைப்பட்டன. தென்கொரியாவில் இணையம் முடங்கியது.

மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளில் இருந்த ஒரு பிழையே அதன் நுழைவாயில். அதற்கான திருத்தத்தை அந்நிறுவனம் 2002 ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது. ஆறு மாதம் கழிந்தும் பலர் அதைப் போடவில்லை. இம்மென்பொருளின் சிறிய பதிப்பு வேறு சில மென்பொருள்களுடன் சேர்ந்தே கணினிக்குள் வந்திருந்தது. தம் கணினியில் தரவுத்தளம் ஒன்று இருப்பதே தெரியாதவர் அதற்கு எப்படித் திருத்தம் போடுவர்?

முடிவுரை

போஸ்ட்கிரெஸ் தரும் 'பிஜி டம்ப்' என்னும் கருவியால் நூற்பட்டியலைப் பிரதி எடுத்தோம். வேறொரு கணினியில் அதை ஏற்றி, சில நூல்களின் பெயரைத் தேடிச் சரிபார்த்த பின்னரே பழைய கணினியை அழித்தோம். அக்காமார்களின் உழைப்பு காப்பாற்றப்பட்டது.

அழிப்பதற்கு ஒரு நொடி போதும். தேடுவதற்குத்தான் பொறுமை வேண்டும். ஆகவே தோழியரே, "இல்லை" என்று சொல்லுமுன் எங்கெங்கே தேடினோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். கணினிக்கு மட்டுமன்றி, கத்தரிக்கோலுக்கும் இது பொருந்தும்!