சூடாமணி விகாரம்

பேராக் மாநில ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் பலருடைய குடும்பக் கதை நாகப்பட்டினம் துறைமுகத்தில் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் அவர்களின் முன்னோர் அங்குக் கப்பலேறி, வங்கக் கடலைக் கடந்து பினாங்கில் இறங்கினர். பின்னர், ஈப்போ, சுங்கை சிப்புட், பீடோர் போன்ற வட்டாரங்களிலிருந்த தோட்டங்களுக்குச் சென்றனர். அந்தக் கடல்வழி அவர்களுக்குப் புதிது. ஆனால், வரலாற்றுக்குப் புதிதன்று. அதற்கு ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்பே, கடலின் இக்கரையை ஆண்ட ஓர் அரசன் அக்கரையிலுள்ள நாகப்பட்டினத்தில் ஒரு புத்தர் கோயிலைக் கட்டினான். அதுவே சூடாமணி விகாரம்.

கடாரத்து அரசன் எழுப்பிய கோயில்

‘விகாரம்’ என்பது புத்தத் துறவியர் தங்கி வழிபடும் இடமாகும். தமிழில் அதனைப் ‘பள்ளி’ என்றும் அழைத்தனர். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் ஆண்டவன் ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மன். கடாரம் என்பது இன்றைய கெடா. இவ்வரசன் தன் தந்தை சூடாமணிவர்மனின் பெயரால் இவ்விகாரத்தை எழுப்பினான்.

அக்காலத்தில் சீனத்திற்கும் இந்தியாவுக்கும் இடையே சென்ற வணிகக் கப்பல்கள் மலாக்கா நீரிணை வழியாகவே சென்றன. அவை தங்கும் துறைமுகங்களுள் ஒன்றாக நாகப்பட்டினம் விளங்கியது. கடாரத்திலிருந்து அங்குச் சென்ற பௌத்த வணிகர்கள் வழிபடுவதற்கு ஓரிடம் தேவைப்பட்டது. அத்தேவையை நிறைவு செய்த விகாரம், இரு நாடுகளின் நட்புக்கும் சான்றாக நின்றது.

செப்பேடுகள் கூறும் செய்தி

இவ்வரலாற்றை நாம் அறிவதற்குத் துணைபுரிபவை ஆனைமங்கலச் செப்பேடுகள். நெதர்லாந்து நாட்டின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பாதுகாக்கப்பட்டதால் இவற்றை ‘லெய்டன் செப்பேடுகள்’ என்றும் குறிப்பிடுவர். பெரிய செப்பேட்டுத் தொகுதியில் 21 ஏடுகள் உள்ளன. அவற்றின் ஒரு பகுதி வடமொழியிலும் பெரும்பகுதி தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளன.

முதலாம் இராசராச சோழன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை இவ்விகாரத்திற்கு வழங்க ஆணையிட்டான். அவ்வருவாய் ஆண்டுக்கு 8,900 கலத்துக்கும் மேற்பட்ட நெல் என அச்செப்பேடு கூறுகிறது. சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு இவ்வாறு அளிக்கப்பட்ட நிலக்கொடை ‘பள்ளிச்சந்தம்’ எனப்பட்டது. இராசராசனின் ஆணையை அவன் மகன் முதலாம் இராசேந்திரன் பின்னாளில் செப்பேட்டில் பொறிக்கச் செய்தான்.

இராசராசன் சிவபெருமானை வழிபட்டவன். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன். அக்கோயில் எழும்பிக்கொண்டிருந்த அதே காலத்தில், வேற்று நாட்டு அரசன் வேற்றுச் சமயத்திற்காகக் கட்டிய கோயிலுக்கும் அவன் கொடை வழங்கினான் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

போருக்குப் பின்னும் தொடர்ந்த கொடை

நட்பு நிலைத்து நிற்கவில்லை. 1025-ஆம் ஆண்டில் இராசேந்திரன் பெருங்கடற்படையை அனுப்பி ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் வென்றான். ‘கடாரங்கொண்டான்’ என்னும் பட்டத்தையும் பெற்றான். தந்தையின் கொடையைச் செப்பேட்டில் நிலைபெறச் செய்தவனே கடாரத்தின்மீது படையெடுத்தான்.

ஆயினும், விகாரம் கைவிடப்படவில்லை. 1090-ஆம் ஆண்டில் கடாரத்து அரசனின் தூதர் இருவர் முதலாம் குலோத்துங்க சோழனிடம் வந்து, நாகப்பட்டினத்துப் பள்ளிகளுக்குரிய நிலங்களின் உரிமைகளைப் பொறித்துத் தருமாறு வேண்டினர். குலோத்துங்கனும் அவ்வாறே செய்தான். மூன்று ஏடுகள் கொண்ட சிறிய லெய்டன் செப்பேடு இதனைத் தெரிவிக்கிறது. போர் முடிந்து 65 ஆண்டுகளுக்குப் பிறகும் இரு தரப்பையும் ஓரிடத்தில் அமர்ந்து பேச வைத்தது அந்தக் கோயில்.

சிலைகள் உணர்த்தும் பொருள்

நாகப்பட்டினத்தில் 1856-ஆம் ஆண்டு தொடங்கிப் பல்வேறு காலங்களில் மண்ணுக்கடியிலிருந்து 300-க்கும் மேற்பட்ட பௌத்த வெண்கலத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றுள் பல இன்று சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. சிலவற்றின் பீடத்தில் தமிழ் எழுத்துகள் காணப்படுகின்றன.

இப்புத்தர் திருமேனிகளின் தலையுச்சியில் தீச்சுடர் போன்ற ஒரு வடிவம் அமைந்திருக்கும். அறியாமை இருளை அகற்றும் ஞானத்தை அச்சுடர் குறிக்கிறது. உள்ளங்கையை முன்புறம் காட்டி உயர்த்திய வலக்கை ‘அஞ்சாதே’ என்று அருள்கிறது. இதனை ‘அபய முத்திரை’ என்பர். தாமரைப் பீடம், சேற்றில் முளைத்தும் சேறு ஒட்டாமல் மலரும் மனத்தைச் சுட்டுகிறது. அரசமரம் புத்தர் ஞானம் பெற்ற இடத்தை நினைவூட்டுகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் இவ்வடிவங்களைக் கண்டே அறநெறியைப் புரிந்துகொண்டனர்.

பேராக்கில் கிடைத்த அவலோகிதர்

பௌத்தத்தின் சுவடுகள் பேராக் மண்ணிலும் உள்ளன. 1936-ஆம் ஆண்டு, பீடோரிலிருந்த ஓர் ஈயச் சுரங்கத்தில் எட்டுக் கைகளையுடைய அவலோகிதரின் வெண்கலச் சிலை கண்டெடுக்கப்பட்டது. அது சோழர் காலத்துக்கும் முற்பட்டதாகக் கருதப்படுகிறது. அவலோகிதர், பிறர் துயர் தீர்க்கும் கருணையின் வடிவம். எல்லாத் திசைகளிலும் துன்புறுவோருக்கு உதவ விரையும் தன்மையைப் பல கைகள் உணர்த்துகின்றன. சீனர்கள் குவான் யின் என்று வழிபடுவதும் இதே கருணை வடிவத்தைத்தான். ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளில், 1926-இல் தோற்றுவிக்கப்பட்ட பேராக் தோங் போன்ற குகைக் கோயில்களில் அவ்வழிபாடு இன்றும் தொடர்கிறது.

இழந்ததும் எஞ்சியதும்

நாகப்பட்டினத்தில் நின்ற பௌத்தச் சின்னங்களுள் கடைசியாக எஞ்சியது, ‘சீனக் கோபுரம்’ என்று அழைக்கப்பட்ட மூன்று நிலைச் செங்கற்கோபுரமாகும். 1846-இல் அதனைப் பார்த்த பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் அதன் நிலையைப் பதிவு செய்தார். 1867-இல் அது இடிக்கப்பட்டது. இன்று சூடாமணி விகாரம் செப்பேடுகளிலும் சிலைகளிலும் மட்டுமே வாழ்கிறது.

இத்தகைய இழப்பு நம் நாட்டிலும் நேர்ந்துள்ளது. கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழைமையான ஒரு கோயிலின் அடித்தளம், நிலத்தைச் சீரமைக்கும் பணியின்போது அழிக்கப்பட்டது. 2013-ஆம் ஆண்டில்தான் மக்கள் அதனை அறிந்து வருந்தினர். இடிப்பதற்கு ஒரு நாள் போதும். இடித்ததை மீண்டும் பெற எத்தனை ஆண்டுகளும் போதா.

மூடப்பட்ட தோட்டங்களிலும் சிறு கோயில்கள், பள்ளிகள், லயங்கள் போன்றவை எஞ்சியுள்ளன. அவற்றின் கதையைச் செப்பேட்டில் யாரும் பொறிக்கவில்லை. அதனை அறிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்பது இளையோரின் கடமையாகும்.

சிந்தித்து விடையளித்திடுக.

1. சூடாமணி விகாரம் நாகப்பட்டினத்தில் கட்டப்பட்டதற்கான காரணம் யாது?
2. போருக்குப் பின்னும் விகாரத்திற்கான கொடை தொடர்ந்தது எதனை உணர்த்துகிறது?
3. புத்தர் திருமேனிகளில் காணப்படும் இரண்டு வடிவங்களின் உட்பொருளை விளக்கிடுக.
4. உன் வட்டாரத்தில் பாதுகாக்கப்பட வேண்டிய பழைய கட்டடம் ஒன்றனைப் பற்றி முதியவர் ஒருவரிடம் கேட்டறிந்து ஒரு பத்தியில் எழுதுக.