காடா துணியும் கடுக்காயும்



குமாரபாளையத்தில் தறிச்சத்தம் கேட்காத தெரு உண்டா? ஆனால் காடா துணியை மீட்டர் கணக்கில் அப்படியே கொடுத்துவிடுகிறோம். அதே துணி, கையால் அச்சுப்போட்ட திரைச்சீலையாகவோ தலையணை உறையாகவோ ஆனால் விலையே வேறு. நம் குழு ஒன்று போன வருஷம் உள்கடன் வாங்கி இதைச் செய்தது. முதல் துவைப்பிலேயே சாயம் போய், உறைகள் திரும்பி வந்தன. "அச்சு நல்லாத்தானே விழுந்துச்சு, எங்க தப்பு?" என்று கூட்டத்தில் கேட்டார்கள். துணியில் கஞ்சி போகவில்லை, அதுதான் தப்பு. பாவுக்குப் போட்ட கஞ்சி இருக்கும்வரை சாயம் நூலுக்குள் இறங்காது.

தஞ்சாவூர்ப் பக்கம் கருப்பூர் கலம்காரி பார்த்திருப்பீர்கள். கோயிலில், தேரில் தொங்கும் தொம்பை அந்த வேலைதான். அது கையால் வரைவது. ஆந்திராவில் மசூலிப்பட்டினம் அருகே பெடனாவில் மரக்கட்டையால் அச்சுப்போட்டு, படுக்கை விரிப்பு, திரைச்சீலை செய்கிறார்கள். நமக்குத் தோதானது இதுதான்.

கஞ்சி போக அலசிய துணியை, கடுக்காய்த் தூளும் பாலும் கலந்த தண்ணீரில் நனைத்துக் காயவைக்க வேண்டும். பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கும். கறுப்பு மைக்கு, துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் இரண்டு மூன்று வாரம் ஊறப்போட வேண்டும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேரும்போது நூலிலேயே கறுப்புப் பிடிக்கும். இரும்பு அதிகமானால் நாளடைவில் துணி இற்றுப்போகும், கவனம். சிவப்புக்குப் படிகார நீரில் அச்சுப்போட்டு, மஞ்சிட்டி வேரோடு கொதிக்கவிட வேண்டும். படிகாரம் பட்ட இடத்தில்தான் சிவப்பு நன்றாக ஏறும். கழுவிய தண்ணீரைக் காவிரியில் விடாதீர்கள். ஆறு பட்டது போதும்.

"ஸ்கிரீன் பிரிண்ட் துணி வாங்கி கலம்காரின்னு வித்தா யாருக்குங்க தெரியும்?" என்று ஒரு சகோதரி கேட்டார். அக்கரையில் பவானி ஜமக்காளத்தின் பேரில் விசைத்தறிச் சரக்கு வந்து, கைத்தறிக்காரர் பிழைப்பு என்ன ஆனது என்று நமக்குத் தெரியாதா? கருப்பூர் கலம்காரிக்கும் 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பேர் அவர்களுடையது. நம் சரக்குக்கு 'குமாரபாளையம் கையச்சு' என்றே சீட்டு ஒட்டுவோம்.

முதலில் அரை மீட்டரில் மட்டும் செய்து, வெள்ளைத் துணியோடு சேர்த்து மூன்று முறை துவையுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு இரண்டையும் எடுத்து வாருங்கள். அதைப் பார்த்த பிறகு கடன் பற்றிப் பேசலாம்.