பதினெட்டு வயதுக்குப் பின்

திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதியின் மகிழுந்து ஆலைகளில் உதிரிபாகங்கள் வண்ணம் பிரித்த பெட்டிகளில் அடுக்கப்பட்டிருக்கும். எந்தப் பாகத்தை எதன்பின் பொருத்துவது என்பதைக் காட்டும் படங்கள் தொழிலாளியின் கண்ணெதிரே தொங்கும். பல மாநிலத்தவர் பணியாற்றும் கூடத்தில் படமே பொதுமொழி. அதைப் பார்த்துச் செய்பவரை யாரும் அறிவு குறைந்தவர் என்று எண்ணுவதில்லை.

வகுப்பறையில் மட்டும் நாம் அப்படி எண்ணிவிடுகிறோம். எழுத்துகளை இடம் மாற்றி எழுதும் சிறுவனையும் வாசிக்கையில் வரியைத் தவறவிடும் சிறுமியையும் 'சோம்பேறி' என்கிறோம். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்பு இடர்ப்பாட்டுக்கும் அறிவுத்திறனுக்கும் தொடர்பில்லை. அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு வேறு வகையானது. அதில் புரிதலும் அன்றாடச் செயல்களும் மெதுவாகவே கைகூடும். இரண்டிலும் பாடத்தைச் சிறு படிகளாக்கிப் படத்தாலும் செய்கையாலும் கற்பித்தல் பயன் தரும்.

பூனம் நடராஜனின் மகன் மூளை முடக்குவாதத்துடன் பிறந்தவர். மகனுக்கான தேடலே அவரைச் சிறப்புக் கல்விக்கு இட்டுச் சென்றது. 1985ஆம் ஆண்டு மிகச் சில குழந்தைகளுடன் சென்னையில் அவர் தொடங்கிய பணியே இன்று 'வித்யாசாகர்' என்னும் நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. பின்னாளில் அவர் மைய அரசின் தேசிய அறக்கட்டளைக்குத் தலைவரானார். குழந்தையின் பள்ளியைப் பற்றிக் கவலைப்பட்ட தாய், வளர்ந்தவரின் வாழ்வைக் காக்கும் அமைப்புக்குப் பொறுப்பேற்றது தற்செயல் அன்று என்றே தோன்றுகிறது.

உங்களுள் பலருக்கு விரைவில் 18 வயது நிறையும், வாக்குரிமை வரும். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையின் பெற்றோருக்கோ அந்த நாள் அச்சத்தையும் கொண்டுவருகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ளோர்க்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உறுதிசெய்கிறது. அதன்பின் பள்ளி மணி ஒலிப்பதில்லை. வங்கிக் கணக்கை யார் கையாள்வது? 'எனக்குப் பின் இவனுக்கு யார்?' என்னும் கேள்வியும் எழுகிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, தேவைப்படுவோர்க்கு மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் குழு பாதுகாவலரை நியமிக்கிறது. ஆனால், பாதுகாவலர் கிடைத்துவிட்டால் பகற்பொழுது நிறைந்துவிடுமா? அதற்கு வேலை வேண்டும்.

அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காடு மாற்றுத்திறனாளிகளுக்கு உரியது. தனியார் நிறுவனங்களிலும் அவர்கள் குறைந்தது 5 விழுக்காடு இருக்குமாறு அரசு ஊக்கமளிக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆனால், எண்ணிக்கையை விட முறையே முதன்மையானது. முதற்சில வாரங்கள் பயிற்றுநர் ஒருவர் புதிய பணியாளரின் அருகிலேயே நிற்பார்; திருகாணி எண்ணுவதையும் உணவு இடைவேளைக்குச் சென்று திரும்புவதையும் உடனிருந்து பழக்குவார். பின்னர் ஒரு நாளில் ஒரு மணி நேரம் விலகியிருப்பார், அடுத்து அரைநாள். எதிரே தொங்கும் படங்கள் மட்டும் அங்கேயே இருக்கும், எல்லாத் தொழிலாளர்க்கும் இருப்பதைப் போலவே.