திருப்பல்லாண்டில் வழிவழி உரிமை



வேதத்திற்கு ப்ரணவம் எவ்வாறோ, ஆழ்வார்களின் அருளிச்செயலுக்குத் திருப்பல்லாண்டு அவ்வாறு என்று உபதேசரத்தினமாலையில் மணவாள மாமுனிகள் அருளினார். 12 பாசுரங்களே கொண்ட அப்பிரபந்தத்தில் 6ஆம் பாசுரத்தை மட்டும் இம்மலரில் சிறிது சிந்திப்போம்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற உற்சவத்தில் சாற்றுமுறையின்போது முதியவர் ஒருவர் கோஷ்டியில் சேராமல் தூணோரமாக நின்றிருந்தார். அருகே அழைத்தேன். "எங்கள் குடும்பத்தில் எவரும் ஓதியதில்லை. ஏழு தலைமுறை என்று வரும் பாட்டை நான் எவ்வாறு சொல்வது, சுவாமி?" என்றார். தீர்த்தம் ஸாதிக்கும் நேரமாகிவிட்டபடியால் அன்று விரிவாக விடை கூற இயலவில்லை.

மதுரையில் ஸ்ரீவல்லப பாண்டியன் சபையில் பொற்கிழி பெற்று யானைமேல் பவனி வந்த விஷ்ணுசித்தர், கருடாரூடனாய் வானில் தோன்றிய எம்பெருமானைக் கண்டார். வரம் எதுவும் வேண்டினாரில்லை. இவ்வழகுக்குக் கண்ணெச்சில் படுமே என்று அஞ்சிப் பல்லாண்டு பாடினார். தாம் மட்டும் பாடினால் போதாது என்று பிறரையும் அழைத்தார். அவ்வழைப்பை ஏற்று வந்தவர்களின் மறுமொழியே 6ஆம் பாசுரம். தந்தை, அவர்க்குத் தந்தை என்று மேன்மேலும் ஏறி, ஏழு தலைமுறையாக ஆட்செய்து வருகிறோம் என்கின்றனர்.

அந்த ஏழு தலைமுறையார் விட்டுச்சென்ற சொத்து யாது? நிலமன்று, முதல் தீர்த்தமும் பரிவட்டமும் அன்று. திருவோணத் திருநாளின் அந்திப்போதில் நரசிங்கமாகி இரணியனை அழித்த பெருமானுக்கு உண்டான இளைப்புத் தீரவேண்டுமே என்னும் கவலை ஒன்றே. 'பந்தனை' என்ற சொல் அவ்விளைப்பையே குறிக்கின்றது. புதுவைக்குத் தெற்கே சிங்கிரிகுடியில் 16 திருக்கரங்களோடு இரணியனைப் பிளக்கும் கோலத்தைச் சேவித்தவர்க்கு அச்சமே முதலில் தோன்றும். இவர்களுக்கோ, ஐயோ, திருமேனி நொந்ததே என்ற பரிவு தோன்றுகின்றது.

இங்கே கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உளது. தந்தையர் எழுவரைச் சொன்ன அதே வாயால் இவர்கள் பாடுவது, தந்தை வழியே செல்லாத ஒரு பிள்ளையின் பொருட்டு நிகழ்ந்த அவதாரத்தை. பிரகலாதனுக்குத் தகப்பன் வழியில் கிடைத்தது பகவத் த்வேஷமே. அவன் பெற்ற பக்தி நாரதர் உபதேசத்தால் வந்தது. ஸ்ரீமத் பாகவதம் ஏழாம் ஸ்கந்தத்தில் நரசிங்கப் பெருமான் அப்பிள்ளையிடம், நீ இக்குலத்தில் பிறந்தமையால் உன் தந்தை தன் முன்னோர் மூவேழு தலைமுறையோடும் தூயனானான் என்று அருளுகின்றார். ஆகவே உரிமை மேலிருந்து கீழே மட்டும் வருவதன்று. கீழிருந்து மேலேயும் ஏறும்.

3ஆம் பாசுரத்தில் ஆழ்வார் கோஷ்டியில் புகவிடாதது யாரை? சோற்றுக்காக ஆட்பட்டவரை, தகப்பன் ஓதாதவனை அன்று. ஊதியம் பெற்று அர்ச்சனை செய்யும் எம்போன்றோர் இவ்விடத்தில் சற்றுத் தலைகுனிந்தே நிற்கவேண்டும்.

10ஆம் பாசுரம் இன்னும் தெளிவு. தன் ஆன்மாவை மட்டும் அநுபவித்திருக்க விரும்பி, ஆழ்வார் அழைத்தபின் மனம் திருந்தி வந்தவர்களின் சொல் அது. அடிமை என்று 'எழுத்து'ப் பட்ட அன்றே எங்கள் குடி முழுதும் உய்ந்தது என்கின்றனர். 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட இந்நகரில் நொத்தேரிடம் பத்திரம் எழுதிய வழக்கத்தை முதியோர் அறிவர். பத்திரம் எத்துணைப் பழையது என்பது வேறு, செல்லுமா என்பது வேறு. இன்று எழுதியதும் செல்லும்.

அம்முதியவர் இவ்வாண்டும் வருவார் என்றே எண்ணுகின்றேன். இரண்டாம் வரிசையில் அவர்க்கு இடம் விட்டிருக்கிறோம். சந்தை சொல்லித்தர அடியேன் காத்திருக்கின்றேன்.