கம்பா, கராத்தேயா?

கேள்வி: வயது 35; உட்கார்ந்தே பார்க்கும் உத்தியோகம். தற்காப்புக்கும் தேகாரோக்கியத்துக்கும் எந்தக் கலையைத் தொடங்கலாம்?
— ஒரு வாசகர், தொண்டூர்

பதில்: தேசிங்குராஜன் 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் பெருஞ்சேனையை எதிர்த்து மாண்ட செஞ்சிக்கு அருகிலிருந்து கேட்கிறீர்கள்; தனியொருவனுடைய பராக்கிரமம் பலர் முன்னே எவ்வளவு தூரம் செல்லுமென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓடித் தப்பக்கூடிய இடத்தில் ஓடிவிடுவதே உத்தமம். அதற்கும் தேகத்தில் தெம்பு வேண்டுமே!

ஆகவே சிலம்பத்தையே சிபாரிசு செய்வேன். ஏறக்குறைய நெற்றியளவு உயரமுள்ள கம்பு ஒன்றைத் தவிர அதிகச் செலவு வைக்காத இக்கலையில், கம்பு வீச்சுக்கு முன்பாகவே காலடி வரிசைகளைப் பழக்குவது ஆசான்களின் சம்பிரதாயமாதலால், நாற்காலியிலேயே காலங்கழித்து இறுகிப்போன இடுப்பும் முழங்காலும் முதலில் இளகிக்கொடுக்கும். கம்பும் கையுமாகக் கடைவீதிக்குப் போக முடியுமா என்று ஆட்சேபிப்பீர்கள், நியாயமே. வெறுங்கையால் பயிலும் குத்துவரிசையையும் சேர்த்துக் கற்பிக்கும் ஆசானாகத் தேடுங்கள்.

1882-இல் ஜிகோரோ கானோ ஜப்பானில் ஸ்தாபித்த ஜூடோவில், எதிரியை வீழ்த்துமுன் தான் காயமின்றி விழுவதற்குக் கற்றுத்தருகிறார்கள். அந்த வசதி கிட்டினால் விடாதீர்கள்; அடிபட்டு விழுவதைவிட வழுக்கி விழுவதற்கே நமக்குச் சந்தர்ப்பம் அதிகம். முதல் மாதத்திலேயே கறுப்புப் பட்டையைப் பற்றிப் பேசுகிற வகுப்புக்கு மட்டும் பணம் கட்ட வேண்டாம்.